பிளேர் விட்ச் பிராஜெக்ட்: பயமுறுத்தியது சூனியக்காரியா, ஓடையில் போன வரைபடமா?

இருட்டுத்திரை:

நேற்று ராத்திரி ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பார்த்தேன். 81 நிமிடம்தான் படம். முடிந்ததும் தண்ணீர் குடிக்க அடுக்களை வரை போக எனக்குத் தயக்கமாக இருந்தது. 1999-இல் வந்த படம், எப்படி எடுத்தார்கள் என்பதெல்லாம் தெரியும், மூன்று பேரும் நடிகர்கள் என்பதும் தெரியும். அப்படியும் பயம் வந்தது. ஏன் என்று பேசலாம் என்றுதான் இந்த இழை. கடைசிக் காட்சி வரை பேசுவோம், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை தெரியாதவர்களுக்கு மட்டும்: 1994 அக்டோபரில் ஹெதர், ஜாஷ், மைக் என்ற மூன்று மாணவர்கள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பர்கிட்ஸ்வில் என்ற சின்ன ஊருக்கு வருகிறார்கள். அங்கே உலவும் சூனியக்காரி கதையை ஆவணப்படமாக எடுப்பது நோக்கம். காட்டுக்குள் போனவர்கள் திரும்பவே இல்லை. ஒரு வருஷம் கழித்து அவர்கள் எடுத்த ரீல்கள் மட்டும் கிடைக்கின்றன. நாம் பார்ப்பது அந்த ரீல்களைத்தான். எல்லாமே கற்பனை.

படம் முழுக்கத் தேடினாலும் சூனியக்காரி ஒரு நொடி கூடக் கண்ணில் படமாட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது இரண்டு இடங்கள். ஒன்று, வரைபடத்தைக் காணோம் என்று ஹெதர் பையைத் துழாவித் தேடி ஓய்ந்த பிறகு, அதை நேற்றே ஓடையில் உதைத்துத் தள்ளிவிட்டேன் என்று மைக் சிரித்துக்கொண்டே சொல்லும் இடம். அந்தச் சிரிப்பைக் கவனியுங்கள். குறும்பு செய்தவன் சிரிப்பு இல்லை, தூக்கமில்லாமல் மூளை கலங்கிப்போனவன் சிரிப்பு. இன்னொன்று, நாள் முழுக்கத் தெற்குப் பார்த்து நடந்துவிட்டு, காலையில் தாண்டிய அதே மரக்கட்டை முன்னால் வந்து நிற்பது. பதினைந்து மணி நேரம் நடந்து கிளம்பின இடத்துக்கே வந்திருக்கிறோம் என்று ஹெதர் கதறுவாள். சூனியக்காரி கதையே இல்லாமல் இந்த இரண்டையும் மட்டும் காட்டியிருந்தால் கூட நான் பயந்திருப்பேன்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய டிக்கெட்:

தம்பி, உங்கள் ரசனைக்கு மரியாதை. ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தப் படம் வந்து ஒரு வருஷம் கழித்து நண்பர் ஒருவர் சிடி கொடுத்தார். கொடுக்கும்போதே “இது நிஜமாக நடந்தது, மூன்று பேரும் செத்துப்போனார்கள்” என்று சொல்லித்தான் கொடுத்தார். அப்படி நம்ப வைத்தது தயாரிப்பாளர்கள் வேலை. படம் வருவதற்கு முந்தின வருஷமே இணையதளம் தொடங்கி, சூனியக்காரிக்கு இருநூறு வருஷ வரலாறு எழுதி வைத்தார்கள். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ‘காணவில்லை’ நோட்டீஸ் கொடுத்தார்கள். சினிமாத் தகவல் தளமான ஐஎம்டிபியில் அந்த மூன்று பேரும் காணாமல் போனவர்கள், இறந்திருக்கலாம் என்று போட்டிருந்தது. இத்தனையும் சேர்ந்து உண்டாக்கின பயத்தைப் படத்தின் கணக்கில் எழுதுவது சரியா? விளம்பரத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? பாதிப் படம் மூன்று பேர் சண்டை, மீதிப் படம் இருட்டு. கேமரா ஆட்டத்தில் எனக்குத் தலை சுற்றியதுதான் நினைவில் நிற்கிறது. தியேட்டரில் பார்த்த பலருக்கும் குமட்டல் வந்ததாக அப்போதே செய்தி வந்தது.

மலையேறி:

பழைய டிக்கெட் ஐயா, சண்டை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். வாராவாரம் ஆட்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகிறவன் நான். வழி தவறின குழுவுக்குள் என்ன நடக்கும் என்பதை இவ்வளவு சரியாகக் காட்டின படத்தை நான் பார்த்ததில்லை. முதல் நாள் யாரும் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். “வழி எனக்குத் தெரியும்” என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டாம் நாள் யார் தப்பு என்ற பேச்சு தொடங்கும். அதற்கப்புறம் நின்று யோசிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. கால்கள் மட்டும் நடந்துகொண்டிருக்கும். படத்தில் இந்த மூன்றும் வரிசையாக வருகின்றன. சிகரெட் தீர்ந்துபோவதில் தொடங்கி எரிச்சல் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்.

சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்கு வருவதைப் பற்றி ஒரு சேதி. ஜெர்மனியில் யான் சவுமன் என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டது. பீன்வால்ட் காட்டிலும் துனிசியாவின் சகாரா பகுதியிலும் சிலரை நேராக நடக்கச் சொல்லி, ஜிபிஎஸ் வைத்துப் பின்தொடர்ந்தார்கள். சூரியனோ நிலாவோ தெரியும் வரை ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடியதும் காட்டுக்குள் நடந்தவர்கள் வட்டமடித்து, தாங்கள் போன தடத்தையே குறுக்கே கடந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியவும் இல்லை. கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொன்னபோது சிலர் 20 மீட்டர் விட்டத்துக்குள்ளேயே சுற்றினார்கள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று ஊரில் சொல்லும் காரணத்தையும் பார்த்தார்கள், அது ஒத்துவரவில்லை. நேர் எது என்ற கணிப்பில் ஒவ்வொரு அடிக்கும் சேருகிற சின்னச் சின்னப் பிழைதான் ஆளைத் திருப்பிவிடுகிறது.

ஆனால் ஹெதர் கையில் திசைகாட்டி இருக்கிறது. அதைப் பார்த்துத் தெற்கே நடந்தால் வட்டமடிக்க முடியாது. அப்படியும் மரக்கட்டைக்கே வந்து சேர்கிறார்கள் என்றால், படத்தில் இயற்கைக்கு மீறின காரியம் உறுதியாக நடப்பது அந்த ஒரு இடத்தில்தான். மற்றதெல்லாம், கல் குவியல், குச்சிப் பொம்மை, கூடாரத்தை உலுக்குவது, மனிதர்களும் செய்யக் கூடியது. அதனால் இருட்டுத்திரை, வரைபடம் பயமுறுத்தியதா சூனியக்காரி பயமுறுத்தினாளா என்று பிரித்துக் கேட்டால், மரக்கட்டைக் காட்சியில் இரண்டும் ஒன்றுதான்.

இருட்டுத்திரை:

மலையேறி அண்ணா, மூன்று தடவை பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை! திசைகாட்டி சரியாக வேலை செய்கிறது, காடுதான் தப்பாக இருக்கிறது. இதை ஒரு ரூபாய் செலவில்லாமல் காட்டிவிட்டார்கள். ஒரு கட்டை, ஒரு முகம், அவ்வளவுதான்.

ஒலிக்கூடம்:

நான் ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன், அதனால் காதில் இருந்து தொடங்குகிறேன்.

ஐயா “மீதிப் படம் இருட்டு” என்று எழுதியிருந்தீர்கள். அந்த இருட்டு உங்களைப் பார்க்க விடாமல் செய்து கேட்க வைக்கிறது. காட்டுக்குள் நடக்கும் காட்சிகளில் பின்னணி இசை கிடையாது. இசை வந்தால் மனசு ஒரு வகையில் ஆறுதல் அடைந்துவிடும், இது சினிமா, இப்போது ஏதோ வரப்போகிறது என்று தயாராகிவிடும். இங்கே அந்தக் கைத்தாங்கல் இல்லை. திரை கறுப்பாக இருக்கும், தூரத்தில் ‘டக்’ என்று கல் மேல் கல் வைக்கிற மாதிரி ஒரு சத்தம். பத்து விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் இன்னொரு ‘டக்’, இந்தத் தடவை வேறு பக்கத்தில் இருந்து. கூடாரத்துக்குள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொள்வது கேட்கும். உங்கள் மூச்சையும் அடக்கிக்கொள்வீர்கள்.

குழந்தைகள் சத்தம் வரும் ராத்திரியை ஹெட்ஃபோனில் கேளுங்கள். இயக்குநர்கள் டேனியல் மைரிக்கும் எடுவார்டோ சான்செஸும் அவர்கள் ஆட்களும் நிஜமாகவே ராத்திரியில் கூடாரத்தைச் சுற்றி நின்று, முன்கூட்டிப் பதிவு செய்த குழந்தைகள் குரலை டேப்பில் ஓடவிட்டார்கள். பிறகு ஸ்டுடியோவில் சேர்த்த சத்தம் என்றால் அது நடிகர்களுக்குக் கேட்டிருக்காது. இது உள்ளே இருந்தவர்கள் காதில் விழுந்த சத்தம். எந்தப் பக்கம் என்று அவர்கள் தலை திரும்புவது கூட அதனால்தான் அவ்வளவு சரியாக இருக்கிறது.

கேமராவைப் பற்றி ஒன்று. ஹெதர் கையில் கலர் ஹை-8 வீடியோ, ஜாஷ் கையில் 16 மி.மீ. கறுப்பு வெள்ளை ஃபிலிம் கேமரா. சத்தத்தைப் பதிவு செய்வது மூன்றாவது ஆளான மைக்கின் பொறுப்பு. கடைசி வீட்டுக் காட்சியில் கத்தல் ஓரிடத்திலும் படம் ஓரிடத்திலுமாகப் பிரிந்து வருவதை இதை வைத்துப் பாருங்கள். மாடிப்படியில் ஓடும் கண்ணுக்கு ஒரு வீடு, காதுக்கு வேறொரு வீடு மாதிரி இருக்கும்.

குறும்பட ஆசை:

எல்லோருக்கும் வணக்கம். இந்த இழைக்காகவே உறுப்பினர் ஆனேன். நானும் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து இந்த மாதிரி ஒரு திகில் குறும்படம் எடுக்கலாம் என்று இருக்கிறோம். கையில் இருக்கும் பணம் ரொம்பக் குறைவு. இந்தப் படத்தை எப்படி எடுத்தார்கள் என்று விவரமாகச் சொல்ல முடியுமா? நடிகர்களைப் பட்டினி போட்டார்கள் என்று படித்தேன். அது உண்மை என்றால் எங்கள் படத்திலும் முயற்சி செய்யலாமா? நண்பர்கள் தயார் என்கிறார்கள்.

இருட்டுத்திரை:

விவரம் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

மைரிக்கும் சான்செஸும் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர்கள். நடிகர் தேர்வில் அவர்கள் வைத்த சோதனை பிரமாதம். உள்ளே வருகிறவரிடம் வணக்கம் கூடச் சொல்லாமல், “உங்களுக்கு ஒன்பது வருஷ தண்டனை, ஏழு வருஷம் முடிந்துவிட்டது, உங்களை எதற்கு விடுதலை செய்ய வேண்டும்?” என்று கேட்பார்கள். அந்த நொடியிலேயே கைதியாக மாறிப் பேசுகிறவர்தான் வேண்டும். ஏனென்றால் படத்துக்கு வசனம் எழுதவில்லை. கதைச் சுருக்கம் மட்டும்தான் இருந்தது.

1997 அக்டோபரில் எட்டு நாள் ஷூட்டிங். நடிகர்களே கேமராவையும் ஒலிக் கருவியையும் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்தார்கள். கையில் ஜிபிஎஸ் கருவி. குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் ஒரு பால் கிரேட், அதாவது பால் அடுக்கும் பெட்டி, இருக்கும். எடுத்த ரீலை அதில் போட்டுவிட்டு, சாப்பாட்டையும் புது பேட்டரியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபிலிம் டப்பாக்களில் ஆளுக்கொரு சீட்டு வைத்திருப்பார்கள். ஒருவர் சீட்டை மற்றவர் படிக்கக் கூடாது. இவன் இன்றைக்கு என்ன செய்யப் போகிறான் என்று பக்கத்தில் இருப்பவனுக்கே தெரியாது. சந்தேகமும் கோபமும் முகத்தில் தானாக வந்தது அதனால்தான்.

ஆமாம், சாப்பாட்டை நாளுக்கு நாள் குறைத்தார்கள். அது உண்மை.

கையில் வந்தது சுமார் இருபது மணி நேரக் காட்சி. முதலில் இதை ஒரு பெரிய ஆவணப்படத்தின் ஒரு பகுதியாக மட்டும் வைப்பதாக இருந்தார்கள். நிபுணர் பேட்டி, பழைய செய்தி எல்லாம் சேர்த்து. எடிட்டிங்கில்தான் காட்டுக்குள் எடுத்ததே போதும் என்று மற்றதை வெட்டினார்கள். வெட்டிய பகுதிகள் தனியாக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாக வந்தன. ஆரம்பச் செலவு 35,000 முதல் 60,000 டாலர் வரை என்று சொல்வார்கள். 1999 ஜனவரியில் சன்டான்ஸில் பார்த்துவிட்டு ஆர்ட்டிசன் என்ற விநியோக நிறுவனம் சுமார் 11 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஜூலையில் முதலில் 27 தியேட்டர். உலகம் முழுக்க வசூல் 24 கோடி டாலரைத் தாண்டியது.

நிலாமதி:

எண்கள் எல்லாம் சரி. அந்த 24 கோடியில் மூன்று பேருக்கு என்ன கிடைத்தது என்பதையும் எழுதுங்கள் இருட்டுத்திரை. எனக்கு இந்தப் படம் மிகவும் பிடிக்கும். பிடிப்பதால்தான் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இயக்கியது இரண்டு பேர், சரி. ஆனால் கேமரா பிடித்தது ஹெதர் டொனஹியூ, ஜாஷுவா லியனார்ட், மைக்கேல் வில்லியம்ஸ். பேசின வசனம் அவர்களுடையது. பெயரும் அவர்களுடைய சொந்தப் பெயர்தான், கதாபாத்திரத்துக்கு வேறு பெயர் வைக்கவில்லை. அவர்கள் செத்துப்போனதாக விளம்பரம் நடந்ததால், படம் ஓடிக்கொண்டிருந்தபோது வெளியே தலைகாட்டாமல் இருக்க வேண்டியிருந்தது. ஹெதரின் அம்மாவுக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. மகள் உயிரோடு இருக்கிறாள், அம்மா கையில் துக்க அட்டை. இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வசூல் பத்துக் கோடி டாலரைத் தாண்டியபோது விநியோக நிறுவனத்திடமிருந்து அவர்களுக்கு ஒரு பழக்கூடை வந்தது. அதைத் திறந்தபோதுதான் தங்களுக்குப் பெரிதாக ஒன்றும் வரப்போவதில்லை என்று தெரிந்துபோனதாக ஹெதர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தங்கள் பெயரையும் முகத்தையும் பயன்படுத்தியதற்காக வழக்குப் போட்டு, அப்புறம்தான் ஒரு தொகை வாங்கினார்கள். 2024-இல் கூட மூன்று பேரும் சேர்ந்து, படம் இப்போது யார் கையில் இருக்கிறதோ அந்த நிறுவனத்திடம் நியாயமான பங்கு கேட்டுப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அது மட்டுமா? ஹெதருக்கு அந்த வருஷத்தின் ‘மோசமான நடிகை’ என்று ரேஸி விருது கொடுத்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எல்லோருடைய அம்மாக்களிடமும் மன்னிப்புக் கேட்பாளே, அந்தக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணும் மூக்கும் குல்லாய் ஓரமும்தான் ஃபிரேமுக்குள் இருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, துடைக்க மாட்டாள். பேசிக்கொண்டே இருக்கும்போது வெளியே ஏதோ கேட்டு கண் சட்டென்று ஓரத்துக்குப் போகும், திரும்பி வரும். அந்தக் கண்ணின் அசைவுக்காகவே அவளுக்குப் பரிசு கொடுத்திருக்க வேண்டும். காட்டில் பிடிவாதம் பிடிக்கும் ஒரு பெண்ணை அவ்வளவு நிஜமாக நடித்ததற்காக, ஆளையே வெறுத்தார்கள். பிற்பாடு சினிமாவை விட்டு விலகி, சட்டப்படி பெயரையே ரே ஹான்ஸ் என்று மாற்றிக்கொண்டார்.

குறும்பட ஆசை தம்பிக்கு: தயவுசெய்து யாரையும் பட்டினி போடாதீர்கள். நண்பர்கள் “தயார்” என்றுதான் சொல்வார்கள், நட்பில் மறுக்க வராது. அந்த மூன்று பேரும் கூட சம்மதித்துத்தான் போனார்கள். முடியவில்லை என்றால் ‘டாக்கோ’ என்று ஒரு சொல் சொன்னால் நடிப்பை நிறுத்தலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. அப்படியும் என்ன விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

பழைய டிக்கெட்:

நிலாமதி அம்மா, துக்க அட்டை விஷயம் எனக்குத் தெரியாது. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று இருபது வருஷமாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த விளம்பரத்தால் என்னைவிட அதிகம் நொந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான் என்று இப்போது படுகிறது.

இன்று மத்தியானம் மறுபடி பார்த்தேன், ஹெட்ஃபோன் போட்டு. கல் சத்தம் கேட்டது. முன்பு அந்தச் சத்தத்தைக் கவனித்ததாகவே நினைவில்லை. சண்டைக் காட்சிகள் இன்னும் நீளம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு சந்தேகம்: கடைசியில் மைக் சுவரைப் பார்த்து மூலையில் நிற்கிறானே, அது எதற்கு?

மலையேறி:

ஐயா, தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் பேட்டி வரும். பல வருஷம் முன்பு குழந்தைகளைக் கொன்ற ஒருவன், ஒரு குழந்தையைக் கொல்லும்போது இன்னொன்றை மூலையில் திரும்பி நிற்க வைப்பான் என்று ஒருவர் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டால் முடிவு புரியாது. விநியோக நிறுவனம் கேட்டதற்காக வேறு முடிவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் முதலில் எடுத்ததையே வைத்துக்கொண்டார்கள். நல்ல வேளை. முதுகைக் காட்டி நிற்கும் ஒரு ஆளைவிடப் பயங்கரமாக வேறு எதைக் காட்ட முடியும்?

ஜெர்மன்டவுன் வாசி:

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். நான் மேரிலாந்தில்தான் இருக்கிறேன். படம் எடுத்த செனிக்கா கிரீக் பூங்கா என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். கதை நடக்கும் பர்கிட்ஸ்வில் இங்கிருந்து வடமேற்கே தனியாக இருக்கிறது. படம் வந்த பிறகு அந்தச் சின்ன ஊரின் பெயர்ப்பலகையைத் திருடிக்கொண்டு போகும் அளவுக்குக் கூட்டம் வந்து, ஊர்க்காரர்கள் நொந்துபோனார்கள். கடைசிக் காட்சியில் வரும் பாழடைந்த வீடு இன்னொரு பூங்காவில், படாப்ஸ்கோ பள்ளத்தாக்கில் இருந்தது. அதை இடித்துவிட்டார்கள், போனால் பார்க்க ஒன்றும் இல்லை.

செனிக்கா கிரீக் நீங்கள் நினைக்கிற மாதிரி அடர்காடு கிடையாது. சுற்றிலும் குடியிருப்பு, பள்ளிக்கூடம், கடைத்தெரு. சவப்பெட்டிப் பாறை என்று படத்தில் வருவது, சாலையோரம் இருக்கும் பிளாக் ராக் என்ற பழைய ஆலைக்குப் பக்கத்தில்தான். போன அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம் அங்கே நடக்கப் போனேன். ஓடையைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று பாதையை விட்டு இறங்கினேன், ஐம்பது அடி கூட இருக்காது. திரும்பினால் பாதையைக் காணோம். இலையுதிர் காலத்தில் தரை முழுக்க ஒரே பழுப்பு நிறம், பாதையும் அதேதான். மரங்கள் எல்லாம் ஒரே சாம்பல் தண்டு. நடந்தால் காலடியில் சருகு போடும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை, நின்றால் பின்னால் யாரோ ஒரு அடி கூடுதலாக வைத்த மாதிரி இருக்கிறது. ஆறேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். தூரத்தில் கார் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. இருபது நிமிடம் அலைந்து ஒரு மரத்தில் வழிக்குறியைப் பார்த்தபோது அதைத் தொட்டுக்கொண்டு நின்றேன். கையில் கைபேசி இருந்தது, அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே அந்த இருபது நிமிடமும் எனக்கு வரவில்லை.

மலையேறி:

அந்தக் கடைசி வாக்கியம் நூற்றுக்கு நூறு உண்மை. பயம் வந்ததும் முதலில் போவது யோசிக்கும் புத்திதான். அதனால்தான் வழி தவறினால் நின்ற இடத்திலேயே உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், பத்து நிமிடம் எழுந்திருக்காதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்த மூன்று பேரும் படத்தில் ஒரு தடவை கூட அப்படி உட்காரவில்லை.

குறும்பட ஆசை, காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அனுமதி வாங்கப் பணமும் நாளும் ஆகும். அதற்குப் பதில் தெரிந்தவர்கள் நிலம், தோப்பு என்று பாருங்கள். செனிக்கா கிரீக்கே குடியிருப்புக்கு நடுவில் இருக்கிறது என்றுதானே சொன்னார். கேமரா எந்தப் பக்கம் திரும்பவில்லை என்பதுதான் முக்கியம்.

குறும்பட ஆசை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நண்பர்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். பட்டினி யோசனையை விட்டுவிட்டோம். ஆளுக்கொரு சீட்டு கொடுக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கதாபாத்திரங்களுக்கு வேறு பெயர் வைக்கப் போகிறோம். பணம் ஏதாவது வந்தால் நான்கு சம பங்கு என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. என் மாமாவுக்கு ஏழு ஏக்கரில் தைலமரத் தோப்பு இருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசை, உள்ளே போனால் எனக்கே வழி குழம்பும். அங்கே எடுக்கலாம் என்று இருக்கிறோம். ஒலிக்கூடம் அண்ணா, சத்தத்துக்கு என்ன செய்வது? எங்களிடம் கைபேசியும் ஒரு சின்ன ரெக்கார்டரும்தான் இருக்கிறது.

ஒலிக்கூடம்:

போதும். தைலமரத் தோப்பு அருமையான தேர்வு, காய்ந்த பட்டை காற்றில் தண்டோடு உரசும் சத்தம் ஒன்று உண்டு, அதை ஸ்டுடியோவில் செய்யவே முடியாது. ஷூட்டிங் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ராத்திரி போய், ரெக்கார்டரைத் தரையில் இருந்து ஓரடி உயரத்தில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். யாரும் பேசக் கூடாது, கொசு கடித்தாலும் தட்டக் கூடாது. அந்தப் பத்து நிமிடம்தான் உங்கள் படத்தின் தரை. மற்ற சத்தங்களை அதன்மேல் வையுங்கள், ஒரு சத்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தாராளமாக இடைவெளி விடுங்கள். பதிவை எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

குறும்பட ஆசை:

சனிக்கிழமை ராத்திரி போகிறோம் அண்ணா. நான்கு பேர். அத்தை புளிச்சோறு கட்டிக் கொடுக்கிறேன் என்றிருக்கிறார்.